கொழிஞ்சாம்பாறையில் ஒரு பிரசவமும் ஜி.பி.எஸ். டெஸ்ட்டும்

அக்கா மகளைப் பொள்ளாச்சியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்துவிட்டாள். நியூஜெர்சியிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு 36 வாரம். கையில் தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி (PICME) எண், சீட்டு எல்லாம் பத்திரமாக இருந்தன. கேரளத்து ஆஷா (கிராம சுகாதாரப்) பணியாளர் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் காசு கொடுத்தாலும் இந்தக் கவனிப்பு கிடைக்காது. ஃபைலைப் புரட்டினால் ஸ்கேன், சர்க்கரை, ரத்தம் எல்லாம் பார்த்திருக்கிறார்கள். ஜி.பி.எஸ். (GBS) என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் மட்டும் இல்லை.

"ஏனுங்க சித்தி, எனக்குத்தான் ஒரு தொந்தரவும் இல்லையே, அப்புறம் எதுக்குங்க?" என்றாள்.

தொந்தரவே தராததுதான் இந்தக் கிருமியின் குணம். குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர். குடலிலும் பிறப்புறுப்பிலும் பேசாமல் இருக்கும். அமெரிக்கக் கணக்கில் கர்ப்பிணிகளில் நாலில் ஒருவரிடம் உண்டு. சிகிச்சையே இல்லாமல் விட்டாலும், அந்தத் தாய்மாரின் குழந்தைகளில் 100க்கு ஒன்றிரண்டுக்குத்தான் நோய் வரும். ஆனால் வந்தால், பெரும்பாலும் முதல் நாளிலேயே ரத்தத்திலோ நுரையீரலிலோ பரவிவிடும், மூளைக்காய்ச்சல்கூட வரலாம். அமெரிக்காவில் 36, 37ஆம் வாரங்களில் எல்லாருக்கும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் எல்லாருக்கும் பார்ப்பதில்லை. குறைமாதம், காய்ச்சல் போன்றவற்றை வைத்து முடிவெடுக்கிறார்கள். இந்தியாவிலும் எல்லாருக்கும் எடுக்கும் வழக்கம் இல்லை. அதனால் டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதும் எழுதிக் கொடுத்தார்.

லேபில்தான் இழுபறி. பிறப்புறுப்பின் உள்ளே ஆழத்தில் மட்டும் பஞ்சுக் குச்சியால் ஸ்வாப் எடுத்தால் போதும் என்றார்கள். இந்தக் கிருமிக்கு வாசல் பக்கத்திலும் ஆசனவாயிலும் எடுக்க வேண்டும். டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் எடுத்தார்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் என்பதால் ரிசல்ட்டுக்குச் சில நாள் ஆனது: பாசிட்டிவ்.

உடனே மாத்திரை கேட்டாள் அக்கா. இப்போது கொடுத்தால் பிரசவத்துக்குள் கிருமி திரும்ப வந்துவிடும், வலி வந்ததும் பென்சிலின் ஊசி நரம்பில் போட வேண்டும், முதல் ஊசிக்கும் பிரசவத்துக்கும் நடுவில் 4 மணி நேரமாவது கிடைத்தால் நல்லது என்றார் டாக்டர். அலர்ஜி உண்டா என்றும் அன்றைக்கே கேட்டுக்கொண்டார். மனசுக்குத் தெம்பாக இருந்தது.

பனிக்குடம் உடைந்தது ராத்திரியில். பாலக்காட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. டியூட்டி டாக்டர் கையிலிருந்த ஃபைலில் அந்த ரிசல்ட் ஏறவே இல்லை! லேப் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு சரி. போனைக் காட்டிய பிறகுதான் ஊசி ஏறியது. நாங்கள் வாய் திறக்காவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லைப் பக்கத்தில் செக்கப் ஓரிடம், பிரசவம் ஓரிடம் என்பது சர்வசாதாரணம். ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து ஃபைலின் முதல் பக்கத்தில் பின் அடித்துவிடுங்கள்.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் பிரசவம் ஆனது. பையன், சுகம்.

கிளம்பும்போது பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்க்கார நர்ஸ் ஒருவர் உட்காரவைத்துத் தமிழில் விளக்கினார். பிரசவ நேரத்து ஊசி முதல் வார நோய்க்குத்தான் காப்பு. அதன்பின் மூன்று மாதம் வரை வரக்கூடியதை அது தடுக்காது. பால் குடிக்காமல் துவண்டாலோ, முனகினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.