அக்யூவ்யூ ஒயாசிஸ்: நல்ல லென்ஸ், ஆனால் 14 நாளுக்குத்தான்

கருவிழிக்கு ரத்தக் குழாய் கிடையாது. விழித்திருக்கும் நேரத்தில் அது பெரும்பாலும் காற்றிலிருந்துதான் ஆக்சிஜன் எடுக்கிறது. ஆகவே கிட்டப்பார்வைக்குக் காண்டாக்ட் லென்ஸ் வாங்குபவர் நிறத்தையோ விலையையோ பார்க்குமுன் அதன் டிகே/டி எண்ணை, அதாவது லென்ஸ் வழியே ஆக்சிஜன் எவ்வளவு போகும் என்ற அளவை, கேட்க வேண்டும். ஜான்சன் அண்ட் ஜான்சனின் இரண்டு வார ஒயாசிஸில் அது -3.00 பவருக்கு 147. நீரை உறிஞ்சும் மென்மையான பிளாஸ்டிக்கால் ஆன பழைய ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் பலவற்றில் 20, 30 தான். நாள் முழுக்கப் போட்டாலும் கருவிழிக்கு ஆக்சிஜன் நன்றாகக் கிடைக்க இது உதவுகிறது.

விட்டம் 14.0 மி.மீ. கண்ணில் படியும் உள்பக்க வளைவு 8.4, 8.8 மி.மீ. என இரண்டு. கடையில் கையிருப்பில் உள்ளதை வாங்கி வந்துவிடாதீர்கள். கண்ணில் போட்டுப் பார்த்து, சிமிட்டும்போது லென்ஸ் லேசாக நகர்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். நகராமல் பிடித்துக்கொண்டால் அடியில் கண்ணீர் ஓடாது, மாலைக்குள் கண் சிவக்கலாம்.

கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரும் அப்படியே பொருந்தாது. கண்ணாடி சுமார் 12 மி.மீ. தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்மேலேயே உட்காருகிறது. அதனால் -5.00 என்பது -4.75 ஆகும், -8.00 என்பது -7.25 ஆகும். -4.00ஐ விடக் குறைந்த பவருக்கு (-3.00, -2.00 போல) பெரிய வித்தியாசமில்லை. சீட்டில் சிலிண்டர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர், 0.75க்கு மேல் போனால் அதற்கென்றே செய்த டோரிக் வகை லென்ஸ்தான் சரி.

புதிதாகப் போடுபவர்களைப் படுத்துவது இதன் மென்மை. நடுவில் 0.07 மி.மீ. தடிமன்தான், விரல் ஈரமாக இருந்தால் மடிந்து விரலோடே ஒட்டிக்கொள்ளும். கையைச் சோப்பால் கழுவி, நூல் உதிராத துணியில் விரல் நுனியை நன்றாகத் துடையுங்கள். ஓரத்தில் 123 என்ற எண் நேராகத் தெரிந்தால் சரியான பக்கம். மை தீட்டுவதெல்லாம் லென்ஸ் போட்ட பிறகு.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸ் சுத்தம் செய்யும் சொல்யூஷன் விட்டு, இரு பக்கமும் தேய்த்து அலசுங்கள். 'தேய்க்க வேண்டாம்' என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் தேய்ப்பதே நல்லது. டப்பாவில் நேற்றைய சொல்யூஷனை முழுதாகக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவையே மாற்றுங்கள். தண்ணீர் மட்டும் படவே கூடாது, கேன் தண்ணீரானாலும் சரி. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் தண்ணீரில் வாழ்வது. கருவிழியில் புகுந்தால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும்.

பெட்டியில் 6 லென்ஸ், அதாவது மூன்று ஜோடி, ஆறு வாரம். இரு கண்ணுக்கும் வெவ்வேறு பவர் என்றால் இரண்டு பெட்டி வாங்க வேண்டியிருக்கும், அது 12 வாரம் வரும். பதினைந்தாம் நாளும் உறுத்தாது என்பதால் பலர் மாதம் வரை இழுக்கிறார்கள். கண்ணீரின் புரதமும் கொழுப்பும் அதற்குள் படிந்திருக்கும். உறுத்தாததை நம்பாதீர்கள், திறந்த தேதியை எழுதி வையுங்கள்.

வலி, சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம் மூன்றில் எது வந்தாலும் உடனே கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் கூடவே கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் சோதித்துப் பார்க்கலாம்.