ஹனோயிலிருந்து வியன்டியானுக்கு பஸ்ஸில் போகப்போகிறவர்கள் கவனத்துக்கு

வியட்நாம் சுற்றிவிட்டு அப்படியே தரைவழியாக லாவோஸ் தலைநகர் வியன்டியானுக்குப் போகலாம் என்று இருப்பவர்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

ஹனோய் பழைய நகரத்தில் தெருவுக்கு நாலு டிராவல்ஸ் கடை. அதில் ஒன்றில், 'விஐபி ஸ்லீப்பர், வியன்டியான் வரைக்கும் ஒரே பஸ்' என்று படம் காட்டி அடித்துச் சொன்னார்கள். பணம் கட்டி டிக்கெட் வாங்கினேன்.

சாயங்காலம் ஒரு வேன் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றி, ஊருக்குத் தெற்கே இருக்கும் நுவோக் ஙாம் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது. வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. ஏறும்போதே கண்டக்டர் எல்லோர் டிக்கெட்டையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார், திருப்பித் தரவில்லை. உள்ளே படுக்கைகளில் பாதி அட்டைப்பெட்டியும் மூட்டையும். எனக்குக் கிடைத்தது நடைபாதையில் ஒரு பாய். தலைமாட்டில் கயிறு போட்டுக் கட்டிய டயர்கள், ராத்திரி முழுக்க ரப்பர் நாற்றம்.

நடுராத்திரி தாண்டி காவ் ட்ரெயோ எல்லைக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஏசியையும் அணைத்துவிட்டார்கள். காலையில்தான் எல்லை திறப்பார்கள். இந்த வழியில் ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும். டிக்கெட் விற்கிறவர்கள் மட்டும் வாயே திறப்பதில்லை. பக்கத்திலிருந்த ஒரு பாட்டி இலையில் மடித்த ஒட்டரிசிச் சோற்றில் பாதியை என் கையில் வைத்தார். அன்றைக்கு வயிற்றுக்குள் போனது அது ஒன்றுதான்.

விடிந்ததும் மூட்டை முடிச்சோடு மலைப்பனியில் நடந்து எல்லை தாண்டி, லாவோஸ் பக்கம் நாம் பாவ் சாவடியில் விசா வாங்கினேன். ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது, லக் சாவ் ஊரில் கண்டக்டர் வந்து, "உன் டிக்கெட் இதுவரைக்கும்தான், மறுபடி பணம் கொடு" என்கிறார். வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும்தான் கேட்டார். காட்ட டிக்கெட் கையில் இல்லை. திரும்பிப் போகவும் முடியாது: 25 டாலர் வியட்நாம் இ-விசா ஒரு தடவை நுழையத்தான், வெளியேறிய முத்திரை விழுந்ததும் முடிந்தது. இதெல்லாம் தெரிந்துதான் அந்த இடத்தில் வைத்துக் கேட்கிறார்கள். கொடுக்காதவர் ரோட்டில் நிற்க வேண்டியதுதான். கொடுத்தேன். பிறகு கடைக்கு எழுதிக் கேட்டதற்கு, "அது பஸ்காரர் விவகாரம்" என்று ஒரே வரியில் பதில்.

பஸ்ஸில்தான் போவேன் என்றால் நிலையத்துக்கே நேரில் போய் கவுண்டரில் டிக்கெட் எடுங்கள். எதுவரைக்கும் என்று ஊர்ப்பெயரை அதில் எழுதச் சொல்லி, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். கண்டக்டர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு தர மறுத்தால் ஏறாதீர்கள். ஹனோயில் இருக்கும்வரை சண்டை போட வழி உண்டு. லாவோஸ் இ-விசா எல்லாச் சாவடியிலும் செல்லாது, நீங்கள் போகும் சாவடி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லையில் வாங்குவதானால் கிழிசல், கறை இல்லாத டாலர் நோட்டாக வைத்திருங்கள். வயதானவர்கள், குழந்தைகள் கூட இருந்தால் இந்த பஸ்ஸே வேண்டாம். ஹனோயிலிருந்து வியன்டியானுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரச் சொச்சம்தான்.