ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் வலம்புரிச் சங்கு வாங்கப் போகிறவர்களுக்கு

ராமேஸ்வரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு, கிழக்குக் கோபுர வாசலிலிருந்து அக்னி தீர்த்தம் போகிற சன்னதித் தெருவிலும் ரத வீதிகளிலும் சங்கு, முத்து என்று ஏதாவது வாங்கிவரலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்கள் குடும்பத்திடம் ஒரே பகலில் கிட்டத்தட்ட 12,000 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். அதில் பெரிய பங்கு ஒரு சங்குக்குப் போனது, அதுவும் நம் கடலையே பார்க்காத சங்கு.

கோயம்புத்தூரிலிருந்து என் அத்தை, மாமா, அவர்கள் மகள், மருமகன், நாலு வயசுப் பேத்தி எல்லோரும் வந்திருந்தார்கள். எனக்கு ராமநாதபுரத்தில் வேலை, சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. காலையில் தீர்த்தமாடி, தரிசனம் முடித்து, வெளியே வந்ததும் ஒரு ஆட்டோக்காரர் பிடித்துக்கொண்டார். தனுஷ்கோடி வரை சுற்றிக்காட்டக் கேட்ட வாடகை நியாயமானதுதான், அதனால் மாமாவுக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. திரும்பி வரும்போது, "எனக்குத் தெரிஞ்ச கடைம்மா, சங்கு குளிக்கிறவங்க நேரடியாப் போடுற கடை, வெளிய மாதிரி விலை சொல்ல மாட்டாங்க" என்று கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். பூஜை அறையில் வைக்க ஒரு வலம்புரி வேண்டும் என்று அத்தைக்கு வெகுநாளாக ஆசை. வண்டியில் பேசிக்கொண்டு வந்தது அவர் காதில் விழாமல் இருக்குமா?

கடையில் உட்காரவைத்து, டீ கொடுத்து, பட்டுத்துணியில் சுற்றிய சங்கை எடுத்து அத்தை கையில் கொடுத்திருக்கிறார்கள். "காதுல வச்சுப் பாருங்கம்மா, ஓம்னு கேக்கும்." கேட்கத்தான் செய்யும். உள்ளே குழிவாக இருக்கிற எந்தச் சிப்பியைக் காதில் வைத்தாலும் சுற்றி இருக்கிற சத்தம் உள்ளே மோதி அப்படித்தான் கேட்கும். அப்புறம் லேமினேஷன் செய்த ஒரு சான்றிதழ், "ஒரிஜினல் வலம்புரி" என்று போட்டு கடைக்காரரே அச்சடித்துக்கொண்டது. 15,000 சொல்லி, அத்தை முகத்தைப் பார்த்து 8,500க்கு இறங்கினார்களாம். அதோடு "பாம்பன் முத்து" என்று ஒரு மாலை 2,400. பில் கேட்டதற்கு "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

சாயங்காலம் அறையில் அத்தை அதை ஆசையாக எடுத்துக் காட்டினார். கையில் வாங்கியதுமே எனக்கு உறுத்தியது, நம் சங்குக்கு உள்ள கனம் இல்லை. தோள்பட்டையில் முண்டு முண்டாக இருந்தது, வால் நீளமாக ஒடுங்கிப் போயிருந்தது. அவசரப்பட்டு ஒன்றும் சொல்ல மனசு வரவில்லை. மறுநாள் கீழக்கரையில் எனக்குத் தெரிந்த, இளவயதிலிருந்து சங்கு குளித்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடிகூடப் போடவில்லை, வாய்க்குள் விரலை விட்டுத் தடவினார். "இது நம்ம கடல் சங்கு இல்லப்பு. உள்ள வரி இல்ல பாரு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வாங்கப் போகிறவர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கின் வால் நுனி, அதாவது வாய் நீண்டு ஒடுங்கி முடிகிற முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் வலது கைப் பக்கம் திறந்திருந்தால் வலம்புரி, இடது பக்கம் என்றால் எங்கும் கிடைக்கிற இடம்புரி. இது பலருக்குத் தெரியும், ஏமாற்றுகிறவர்களுக்கும் தெரியும். அதனால் இந்தச் சோதனையில் தேறிவிடுகிற ஒரு சரக்கைக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் மெக்சிகோ வளைகுடாவிலும் ஒரு பெரிய கடல் நத்தை இருக்கிறது, அதன் ஓடு பிறவியிலேயே அந்தப் பக்கமாகத்தான் சுற்றும். அங்கே அது சாதாரணம். நம் மன்னார் வளைகுடாச் சங்கில் வலம்புரி என்பது இயற்கையின் பிறழ்வு, எத்தனையோ ஆயிரங்களில் ஒன்று அகப்பட்டால் உண்டு. உண்மையான வலம்புரி கிடைத்தால் பேச்சு லட்சங்களில்தான் தொடங்கும், ரத வீதியில் 8,500க்குப் பட்டுத்துணியில் சுற்றிக் காத்திருக்காது. இரண்டையும் பிரித்துக்காட்டுவது உள்ளே இருக்கிற நடுத்தண்டு: நம் சங்கில் வாய்க்குள் அந்தத் தண்டின் மேல் மூன்று நான்கு வரம்புகள் விரலுக்குத் தட்டுப்படும், அயல்நாட்டுச் சரக்கில் வழுவழுவென்று இருக்கும். கடையில் விரலை விட்டுப் பார்க்க விடவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

முத்துக் கதை இன்னும் மோசம். மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல், அதுவும் தூத்துக்குடிக் கரையில். அதற்குப் பிறகு சிப்பி சேரவில்லை என்று முத்துக்குளிப்பே நடத்தப்படவில்லை. பிறகு எப்படி "நேத்து எடுத்த பாம்பன் முத்து" வரும்? பல் நுனியில் லேசாக உரசிப் பாருங்கள், முத்தாக இருந்தால் நறநறவென்று இருக்கும், கண்ணாடியில் சாயம் பூசியது என்றால் வழுக்கும். அத்தை வாங்கியது வழுக்கியது. நறநறத்தாலும் அது கண்ணாடி இல்லை என்பதுதான் உறுதி, வளர்ப்பு முத்தாக, ஏரி முத்தாக இருக்கலாம். அதைச் சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் வருத்தமில்லை.

நடுவில் அதே ஆட்டோக்காரர் கைகாட்டிய ஓட்டலில் சாப்பாடு. வெளியே பலகையில் 110 ரூபாய். உட்கார்ந்து இலை போட்ட பிறகு "இப்ப ஸ்பெஷல் மட்டும்தான் சார்" என்று ஆளுக்கு 180, நாலு வாய் சாப்பிட்ட குழந்தைக்கும் முழுச் சாப்பாடு, மேலே ஐந்து சதவீதம் வரி. 945 ரூபாய். பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. அந்த எண் எழுத்தும் இலக்கமுமாகப் பதினைந்து இடத்தில், தமிழ்நாட்டுக் கடையென்றால் 33இல் தொடங்கி, பில்லில் இருந்தே ஆகவேண்டும். எண் போடாமல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

சங்கை எடுத்துக்கொண்டு நானே அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடவில்லை. "அண்ணே, இது வெளிநாட்டுச் சரக்கு, பணத்தைக் குடுத்துருங்க" என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "சாமி பொருளைத் திருப்பி வாங்குனா தோஷம் தம்பி, உங்க வீட்டுக்குத்தான் ஆகாது" என்றார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணத்தை எடுத்ததும் இல்லாமல், நம்பி வந்தவரின் பயத்தையும் எடுத்து அவர் மேலேயே வீசுகிற வேலை இது. சான்றிதழைக் காட்டினால் "அது அலங்காரத்துக்கு" என்கிறார். பணம் போன யுபிஐ கணக்கு கடைப் பெயரில் இல்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயரில் இருந்தது.

ஏன் இந்தத் தெருவில் இது நடக்கிறது என்று இங்கேயே பிறந்து வளர்ந்தவனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இங்கே அபிஷேகம் செய்து, இங்கிருந்து மணல் கொண்டுபோய்க் கங்கையில் கரைக்கிற வழக்கம் உள்ள ஊர் இது. வருகிறவர்களில் பாதிப்பேர் ஆயுளில் ஒருதரம் வருகிறவர்கள், பல வருஷம் சேர்த்த காசோடு வருகிறவர்கள், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பொருளைச் சரியாகப் பார்ப்பார்கள், அதற்காக மறுபடி ரயிலேறி வரமாட்டார்கள். கீழக்கரைக் கடைத்தெருவில் தொதல் என்கிற இனிப்பு விற்கிறவர் எண்ணெய் சிக்கிய தொதலைக் கொடுத்தால் மறுநாளே வாடிக்கையாளர் வாசலில் நிற்பார். சன்னதித் தெருவில் அந்தப் பயம் இல்லை. அதோடு கூட்டிவருகிற ஆளுக்குக் கமிஷன் உண்டு, அது உங்கள் விலையில்தான் ஏறும். எல்லா ஆட்டோக்காரரும் அப்படியில்லை, இந்தக் கமிஷன் கணக்கை எனக்குச் சொன்னவரே இங்கே ஆட்டோ ஓட்டுகிறவர்தான். இதே தெருவில் தலைமுறையாக உட்கார்ந்து இடம்புரியை இடம்புரி என்று சொல்லி, அறுத்து, மெருகேற்றி விற்கிற கடைகளும் இருக்கின்றன. அவர்கள் சொல்கிற நியாயமான விலையை, ஏமாந்துபோன கூட்டம் சந்தேகத்தோடு பார்க்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை. நம் சங்கு வங்காளத்துக்குப் போய் அங்கே கல்யாணப் பெண்களின் கையில் வளையலாகிற அளவுக்குப் பெயர் பெற்ற சரக்கு.

பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை, சில வகைப் பெரிய சிப்பிகள் எடுத்து நீட்டினால் விலைகூடக் கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் கடல்குதிரையும் 2001இலிருந்து பாதுகாக்கப்பட்ட உயிர்களின் பட்டியலில் இருக்கின்றன. வாங்கியவர் மேலும் வழக்கு வரும், விற்றவர் அப்போது பக்கத்தில் இருக்கமாட்டார்.

ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பி எடுக்க மறுப்பதும் அப்படித்தான். வழக்கை ராமநாதபுரத்தில்தான் போடவேண்டும் என்பதில்லை, நீங்கள் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. துண்டுச் சீட்டு, சான்றிதழ், யுபிஐ பதிவு, கடை வாசல் போட்டோ எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சங்கைக் கழுவி மெருகேற்றாதீர்கள், வாங்கியபடியே இருக்கட்டும்.

அத்தை கோயம்புத்தூரில் புகார் கொடுத்துவிட்டார். தோஷம் என்று சொன்னதில் முதலில் கொஞ்சம் கலங்கிப்போயிருந்தார், மாமாதான் உட்காரவைத்துப் பேசி மனுவில் கையெழுத்துப் போடவைத்தார். கடைக்கு நோட்டீஸ் போகவேண்டும், அதற்காகக் காத்திருக்கிறோம்.