மோதிரத்துக்கு ஒன்று, தோட்டுக்கு வேறு: பிங்க் கற்கள் ஓர் அலசல்

பிங்க் கல் வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். மயங்கட்டும், அதற்குத்தானே கல்! ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது தினமும் கையில் கிடக்கும் மோதிரமா, எப்போதாவது எடுத்துப் போடும் பதக்கமா, காதில் ஆடும் தோடா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால், முன்னால் பரப்பி வைத்திருக்கும் கற்களில் பாதியைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

காரணம் தூசிதான். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அதன் கடினம் 7. அதைவிட மென்மையான கல்லைத் துடைக்கத் துடைக்க, பட்டைகளின் விளிம்பு மழுங்கி, பளபளப்பு மெல்லப் போய்விடும். மோதிரம் போல அடிபடும் நகை வேறு கிடையாது. அதனால் தினசரி மோதிரத்துக்கு என் பட்டியலில் இரண்டே கற்கள்: பிங்க் சஃபையர், பிங்க் ஸ்பைனல்.

சஃபையரின் கடினம் 9. வைரத்துக்கு அடுத்த இடம். எளிதில் பிளக்கும் தளங்களும் அதற்கு இல்லை. மாணிக்கமும் அதுவும் ஒரே கனிமம், கொரண்டம். இரண்டுக்கும் நிறம் தருவது குரோமியம்தான். பிங்க் கல்லில் அது குறைவு. எங்கே பிங்க் முடிந்து மாணிக்கம் தொடங்குகிறது என்பதில் ஆய்வகங்களே ஒத்துப்போவதில்லை. 1998-இல் மடகாஸ்கரின் இலகாகாவில் பெரிய படிவு கிடைத்த பிறகு பிங்க் சஃபையர் சந்தையில் தாராளமாகப் புழங்கத் தொடங்கியது.

ஸ்பைனலின் கடினம் 8. சஃபையரைவிட ஒரு படி கீழேதான், ஆனாலும் தினசரி மோதிரத்துக்கு அது போதும். இதுவும் சுலபமாகப் பிளக்காது. ஒளி இதற்குள் இரண்டாகப் பிரிவதில்லை என்பதால் நிறம் எந்தக் கோணத்திலும் சுத்தமாக, ஒரே மாதிரி தெரியும். 2007-இல் தான்சானியாவின் மஹெங்கேவில் கிடைத்த ஸ்பைனல்கள் உள்ளிருந்து விளக்கு எரிவது போன்ற பிங்க். குரோமியம் இருந்து இரும்பு குறைவாக இருந்தால் புற ஊதா ஒளியில் கல் சிவப்பாக ஒளிரும். பகல் வெளிச்சத்திலும் புற ஊதா உண்டே, அதனால்தான் அந்த உயிர்ப்பு.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், நான் ஸ்பைனல் பக்கம். காரணம் சூடாக்கல், அதாவது நிறத்தை மேம்படுத்தக் கல்லைச் சூடேற்றுவது. சந்தையில் உள்ள சஃபையர்களில் பெரும்பாலானவை சூடாக்கப்பட்டவை. அதில் தவறில்லை, நிறமும் நிலையாக நிற்கும். ஆனால் 2000-களின் தொடக்கத்தில் பெரிலியத்தை உள்ளே ஊடுருவவிட்டு, பாத்பராட்சா என்னும் அரிய சஃபையர் போன்ற ஆரஞ்சு கலந்த பிங்கைச் செயற்கையாக வரவழைத்த கற்கள் வந்து குழப்பம் உண்டாக்கின. அந்த நிறத்தில் சஃபையர் வாங்குவதாக இருந்தால் ஆய்வகச் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஸ்பைனல் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்த நிறத்தோடேயே பட்டை தீட்டப்படுகிறது. இங்கே வேறொரு கவனம் வேண்டும்: செயற்கை ஸ்பைனல் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கிறது. இயற்கைக் கல் என்று சொல்லி விற்றால் அதற்கும் சான்றிதழ் கேளுங்கள். ஆய்வகத்தில் வளர்த்த கல்தான் வேண்டும் என்று தெரிந்தே வாங்கினால் அது நல்ல தேர்வுதான், கடினத்தில் குறையே இல்லை.

வைரத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். உலகின் இயற்கை பிங்க் வைரங்களில் மிகப் பெரும் பகுதியைத் தந்த மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020 நவம்பரில் மூடப்பட்டது. பிங்க் வைரத்தின் விலை இந்த அலசலுக்குள் அடங்காது.

சரி, அடுத்தது மார்கனைட். இன்று நிச்சயதார்த்த மோதிரங்களில் அதிகம் பார்ப்பது இதைத்தான். மரகதத்தின் குடும்பம், பெரில். மாங்கனீசு தரும் மென்மையான பிங்க். கடினம் 7.5 முதல் 8. மடகாஸ்கரில் கிடைத்த இந்தக் கல்லுக்கு 1910 வாக்கில் வங்கியாளர் ஜே. பி. மார்கனின் பெயரைச் சூட்டியவர் ரத்தினவியலாளர் ஜார்ஜ் குன்ஸ். மஞ்சள் சாயலை எடுக்கச் சூடாக்குவது வழக்கம், நிறம் நிலைத்து நிற்கும்.

மார்கனைட்டை வாங்குபவர்கள் இரண்டு விஷயத்தில் ஏமாறுகிறார்கள். ஒன்று, சிறிய கல்லில் நிறம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். இதன் பிங்க் தெரிய உடம்பு வேண்டும், பெரிய கல்தான் அழகு. இரண்டு, ஒளியைக் கல் எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் இதற்கு 1.58-ஐ ஒட்டியது, சஃபையருடையது 1.76, ஸ்பைனலுடையது 1.72. மினுமினுப்பு இயல்பாகவே குறைவு. கை எண்ணெய், சோப்புப் படலம் படிந்தால் சட்டென்று மந்தமாகிவிடும். இளஞ்சூடான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் அடிக்கடி கழுவுகிறவர்களுக்கு மார்கனைட் மோதிரம் பொருந்தும். கழுவ மாட்டேன் என்றால் வேண்டாம். ரோஸ் கோல்டில் பதித்தால் வெளிறிய நிறத்துக்கு உலோகம் கைகொடுக்கும். வெள்ளை உலோகத்தில் அது இன்னும் வெளிறித் தெரியும்.

கேரட்டை வைத்து ஒப்பிடும்போது ஒன்றை மறக்க வேண்டாம். கேரட் என்பது எடை, 0.2 கிராம். சஃபையரின் அடர்த்தி சுமார் 4, மார்கனைட்டுடையது 2.7–2.8. ஒரே எடையில் சஃபையர் சிறிதாகத்தான் தெரியும். மில்லிமீட்டர் அளவைக் கேட்டு ஒப்பிடுங்கள்.

டூர்மலைனுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த நிறங்கள் இங்கேதான் இருக்கின்றன: வெளிர் ரோஜாவிலிருந்து ரூபெல்லைட் என்னும் வகையின் அடர் பிங்க் வரை. சீனப் பேரரசி சிக்ஸி கலிபோர்னியாவின் சான் டியேகோ பகுதியிலிருந்து பிங்க் டூர்மலைனை வரவழைத்துக் குவித்தார். கடினம் 7–7.5, ஆனால் அடர் பிங்க் கற்களுக்குள் விரிசல்கள் சகஜம். அவற்றைப் பிசின் ஊற்றி மறைப்பதும் உண்டு. கதிர்வீச்சால் நிறம் ஏற்றியிருந்தால் ஆய்வகத்தாலும் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது. நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியில் போடக் கூடாது. நகையைப் பழுது பார்க்கும்போது ஊதுகுழல் நெருப்பு பட்டால் வெடிக்கலாம். இதை மோதிரமாக்க ஆசைப்பட்டால், கல்லின் விளிம்பை உலோகம் சுற்றிலும் மூடிப் பிடிக்கும்படி செய்யச் சொல்லுங்கள். பதக்கத்துக்கும் தோட்டுக்கும் இதைவிட நல்ல கல் எனக்குத் தெரியாது. இன்னொரு வேடிக்கை: சூடானால் இதில் மின்னூட்டம் பிறந்து தூசியை இழுக்கும். காட்சிப் பெட்டி விளக்கின் கீழ் அடிக்கடி அழுக்காவது இதனால்தான்.

புஷ்பராகத்திலும் பிங்க் உண்டு, கடினம் 8. ஆனால் ஒரு திசையில் அடி விழுந்தால் சட்டென்று பிளந்துவிடும். மலிவாகக் கிடைப்பவை நிறமற்ற கல்லின் மேல் பூச்சு பூசியவை. பூச்சு கீறும், அதை ஒதுக்குங்கள். ரோஸ் குவார்ட்ஸ் பெரும்பாலும் பால் கலந்தது போல மங்கலாக இருக்கும் என்பதால் பட்டை தீட்டாமல் உருண்டையாக மணிமாலைக்கு எடுக்கலாம்.

குன்சைட் கடைசி. அழகில் கடைசி அல்ல. 1902-இல் கலிபோர்னியாவில் கிடைத்த இந்தக் கல்லைத் திருப்பினால் ஒரு திசையில் அடர்ந்த ஊதாப் பிங்க், இன்னொரு திசையில் ஏறக்குறைய நிறமே இல்லை. தேர்ந்த கைவினைஞர் அடர்ந்த முகம் மேலே வரும்படி வெட்டியிருப்பார். கடினம் 6.5–7, பிளக்கும் தளங்கள் இரண்டு. போதாததற்கு வெயிலில் நிறம் வெளிறும். மோதிரமாக ஒருபோதும் வேண்டாம். மாலை விழாக்களுக்குப் போடும் பெரிய தோடாகவோ பதக்கமாகவோ வாங்குங்கள், வீட்டில் இருக்கும்போது மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.