ஆளை இடம் மாற்றுவதா, இடத்தையே மாற்றுவதா?

ஏழைகள் வாழும் பகுதிகளில் உடல்நலம் கெடுவதற்கு அமெரிக்காவில் இரண்டு வைத்தியங்களையும் குலுக்கல் முறையில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1994 முதல் 1998 வரை சிகாகோ, பாஸ்டன் உட்பட 5 நகரங்களில், குலுக்கலில் தேர்வான ஏழைக் குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். 10, 15 வருடம் கழித்துப் பார்த்தால் வருமானம் பெரிதாக ஏறவில்லை, ஆனாலும் சீட்டு கிடைத்த பெண்களிடம், கிடைக்காதவர்களைவிட, கடும் உடல்பருமனும் சர்க்கரை நோயும் குறைந்திருந்தன. சீட்டு கிடைத்தவர்களில் பாதிப் பேர் போகவே இல்லை. சொந்தபந்தத்தை விட்டுக் கிளம்புவது லேசா என்ன?

பிலடெல்பியாவில் ஆட்களை நகர்த்தவில்லை. குப்பை மண்டிய 541 காலிமனைகளை எடுத்து, குலுக்கலில் தேர்வான ஒரு பங்கு மனைகளில் புல்லும் மரமும் நட்டார்கள். அக்கம்பக்கத்தில் மனச்சோர்வு குறைந்தது, ஏழைத் தெருக்களில் துப்பாக்கிச் சூடு குறைந்தது, ஜனங்கள் பயமில்லாமல் வெளியே வந்தார்கள். சர்க்கரை நோய்க்கு இது போதும் என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் யாரும் வீட்டைக் காலி செய்ய வேண்டாம், தெருவுக்கே பலன்; தெரு அழகானதும் வாடகை ஏறாமல் பார்த்துக்கொண்டால் என் ஓட்டு இதற்குத்தான்.