1 234 567,89: ராண்டுத் (தென்னாப்பிரிக்க நாணயம்) தொகையை ஜாவா நிரல்மொழியில் இப்படிப் பிரித்துக் காட்ட எந்த வழி?

தென்னாப்பிரிக்காவில் முறைப்படி ஆயிரங்களுக்கு நடுவே இடைவெளி, சென்ட்டுக்கு முன் காற்புள்ளி. டர்பன் கடைகளிலோ 1,234.50 என்றும் விலை போட்டிருக்கும். இரண்டும் புழக்கத்தில் இருப்பதால், எந்த வடிவம் வேண்டும் என்பதை நிரலில் நாமே சொல்லிவிடுவது நல்லது.

லொக்கேலிடம், அதாவது நாடு-மொழி அமைப்பிடம், விடுவதுதான் சுலபம், ஆனால் ஆபத்தும் அதில்தான். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு ஜாவா 8 கொடுப்பது 1,234.50. ஜாவா 9 முதல் லொக்கேல் தரவு சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுத் தொகுப்புக்கு மாறியதால் 11, 17 பதிப்புகளில் 1 234,50 வரும். நிரலில் ஒரு வரி மாறாது. அது அச்சிடும் ரசீதில், கோயில் நன்கொடை ரசீது என்று வையுங்கள், தொகையின் வடிவம் மட்டும் மாறிவிடும்.

எண்ணை உரையாக்கும் ஸ்ட்ரிங் ஃபார்மேட்டில் அமெரிக்க லொக்கேலைக் கொடுத்து 1,234.50 என்று வாங்கி, பிறகு குறிகளை ரீப்ளேஸ் செய்யலாம். காற்புள்ளியை முதலில் இடைவெளியாக்க வேண்டும், அதன் பிறகே புள்ளியைக் காற்புள்ளியாக்க வேண்டும். வரிசை தவறினால் சென்ட்டும் ஆயிரங்களோடு கலந்து 1 234 50 ஆகிவிடும். நிரல் தன் செயல்களைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலுக்கு இது போதும், ரசீதுக்கு வேண்டாம்.

ரசீதுக்கு, எண்களை வடிவமைக்கும் ஜாவா வகுப்பான டெசிமல்ஃபார்மேட்தான் சரி. அதற்குக் கொடுக்கும் வடிவ மாதிரியான பேட்டர்ன் எப்போதும் "#,##0.00" என்றே இருக்க வேண்டும், அங்கே காற்புள்ளியும் புள்ளியும் இடத்தைக் காட்டும் குறிகள், அவ்வளவே. வெளியீட்டைப் பார்த்து "#.##0,00" என்று எழுதினால் பேட்டர்ன் தவறு என்று எக்ஸெப்ஷன் (நிரலை நிறுத்தும் பிழை) விழும். உண்மையில் அச்சாகும் பிரிப்பு எழுத்துகளை அதன் துணை வகுப்பான டெசிமல்ஃபார்மேட்சிம்பல்ஸில் வைக்க வேண்டும். ஃபார்மேட்டரிடமிருந்து கெட் செய்து வாங்கும் சிம்பல்ஸ் வெறும் நகல். மாற்றியபின் திரும்ப செட் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது, பிழையும் வராது.

ரவுண்டிங்கில், அதாவது கடைசி இலக்கத்தை முழுமையாக்குவதில்தான், பலர் கோட்டைவிடுகிறார்கள். 2.125-ஐ டெசிமல்ஃபார்மேட் 2.12 என்று காட்டும், ஸ்ட்ரிங் ஃபார்மேட் 2.13 என்று காட்டும். முன்னதன் இயல்பு ஹாஃப் ஈவன் (சரிபாதி என்றால் இரட்டை இலக்கத்துக்கு), பின்னது ஹாஃப் அப் (சரிபாதி என்றால் மேலே). ஒரே தொகையைத் திரையில் ஒன்றாலும் அச்சில் மற்றதாலும் காட்டினால் ஒரு சென்ட் உதைக்கும். ரவுண்டிங் மோடை வெளிப்படையாக செட் செய்துவிடுங்கள். ஒரே டெசிமல்ஃபார்மேட்டை ஸ்டாட்டிக்காக (பொதுவானதாக) வைத்து, ஒரே நேரத்தில் ஓடும் பல திரெட்களுக்குப் பகிரவும் கூடாது.

இந்திய ரூபாயை 1,23,45,678 என்று லட்சக் கணக்கில் காட்ட டெசிமல்ஃபார்மேட் உதவாது. "#,##,##0" என்று கொடுத்தாலும் கடைசிக் குழுவின் அளவையே எடுத்துக்கொண்டு 12,345,678 என்றுதான் தரும். அதற்கு ஐசியூ4ஜே என்ற தனி ஜாவா நூலகம் வேண்டும். அதில் இரண்டாம் குழு அளவைத் தனியாக 2 என்று வைக்கலாம். அதன் ஜார் கோப்பு பத்து மெகாபைட்டுக்கு மேல். ராண்டுக்காக மட்டும் இழுத்துவர வேண்டியதில்லை.

பிரிப்பான் இடைவெளியாக இருந்தால், தொகை வரி முடிவில் உடையாமலிருக்க யூனிகோடில் எண் 160 கொண்ட உடையாத இடைவெளியைப் போடுங்கள், 32 ஆகிய சாதாரண இடைவெளியை அல்ல. ஆனால் பயனர் தட்டுவது 32. "1 234,50" என்று அவர் தட்டினால், உரையை எண்ணாக்கும் பார்ஸ் முதல் இடைவெளியிலேயே நின்று, எக்ஸெப்ஷன் எதுவும் இல்லாமல் 1 என்று திருப்பித் தரும். ஆயிரத்துச் சொச்சம் ராண்டு ஒரு ராண்டாகப் பதிவாகிவிடும். உள்ளீட்டில் வரும் 32-ஐ முதலில் 160 ஆக மாற்றுங்கள். பார்ஸ் எங்கே நின்றது என்று சொல்லும் பார்ஸ்பொசிஷனையும் சேர்த்துக் கொடுத்து, நின்ற இடம் உரையின் நீளத்துக்குச் சமமில்லை என்றால் தொகையை ஏற்காதீர்கள்.