எஸ்டபிள்யூ102-உடன் ஆறு வருடங்கள்

பேக் குளோனில் (பெரிய டிஎன்ஏ துண்டைச் சுமக்கும் பாக்டீரியா டிஎன்ஏ வளையம்) ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்தை மாற்ற வேண்டும், மாற்றியதற்கான வேறு எந்தத் தழும்பும் இருக்கக் கூடாது என்பதுதான் எனக்கு வந்த வேலை. குளோனின் நீளம் 180 கிலோபேஸ், அதாவது 1,80,000 எழுத்துகள். வழக்கமான வெட்டு நொதிகளைப் போட்டால் பல இடங்களில் வெட்டிவிடும். அதனால் 2005-இல் வெளிவந்த எஸ்டபிள்யூ102 என்ற ஈ.கோலை ரகத்தையும் கால்-கே என்ற மரபணுவை வைத்துச் செல்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் எடுத்தேன். இன்றுவரை மாற்றவில்லை.

இந்த ரகத்தின் குரோமோசோமிலேயே லாம்ப்டா ரெட் மரபணுக்கள் (லாம்ப்டா வைரஸிலிருந்து வந்தவை, பொருத்தமான டிஎன்ஏ துண்டுகளை இணைப்பவை) இருக்கின்றன. 32 டிகிரியில் தூங்கும். 42 டிகிரியில் 15 நிமிடம் வைத்தால் விழிக்கும். இரு முனையிலும் 50 பேஸ் பொருத்தம் இருந்தால் போதும், நாம் கொடுக்கும் டிஎன்ஏ குறித்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதலில் அங்கே கால்-கேயை நுழைக்கிறோம். அது இருந்தால்தான் இந்த ரகம் காலக்டோஸ் சர்க்கரையை மட்டும் தின்று வளரும். 32 டிகிரியில் மூன்று நாள் பொறுக்க வேண்டும். மீடியத்தில் பயோட்டின், லூசின் சேர்க்க மறந்தால் ஒன்றும் முளைக்காது.

வெப்பம்தான் இதன் உயிர்நாடி. ஒருமுறை பொது ஷேக்கரை இரவில் யாரோ 37-க்கு ஏற்றிவிட்டார்கள். ரெட் கசிந்திருக்கும், அந்தக் கல்ச்சரை நம்ப முடியாது, கொட்டிவிட்டேன். சூடு கொடுத்ததும் உடனே ஐஸ் தண்ணீரில் குலுக்குங்கள். கழுவும்போது உப்பு மிஞ்சினால் எலக்ட்ரோபொரேஷனில் (மின் அதிர்ச்சி கொடுத்து டிஎன்ஏவைச் செல்லுக்குள் நுழைக்கும்போது) பட்டென்று வெடிக்கும், அன்றைய வேலை அதோடு போச்சு.

உண்மையான சோதனை இரண்டாம் கட்டம். கால்-கேயை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய எழுத்தை வைக்க, டீஆக்சி காலக்டோஸ் பிளேட்டில் பரப்புகிறோம். கால்-கே உள்ள செல்லுக்கு அது நஞ்சு. ஆனால் குளோனில் ஒரே மாதிரித் தொடர்கள் திரும்பத் திரும்ப வந்தால், அவை தங்களுக்குள் இணைந்து கால்-கேயோடு ஒரு பெரிய துண்டையே உதிர்த்துவிடும். அந்தச் செல்லும் பிழைக்கும்! என் முதல் முயற்சியில் 16 கோலனிகளில் இரண்டுதான் சரி. மாற்றிய இடத்தின் சீக்வென்ஸ் சரியாக வந்தாலும் திருப்தி அடையாதீர்கள், வேறெங்கோ துண்டு போயிருக்கலாம். குளோன் முழுவதையும் நொதியால் வெட்டி, ஜெல்லில் பழையதோடு ஒப்பிடுங்கள். கோலனியை இன்னொரு முறை புதிய பிளேட்டில் கோடு இழுத்துத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதும் நல்லது. கலப்பு கோலனிகள் என்னை இருமுறை ஏமாற்றியிருக்கின்றன.

மருந்து எதிர்ப்பு மரபணுவை வைத்துவிட்டுப் போனால் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தழும்பில்லாத மாற்றம் வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். மாற்றாத அந்த முதல் குளோனின் கிளிசரால் ஸ்டாக் இன்னும் மைனஸ் 80-இல் இருக்கிறது. புதிதாக எது செய்தாலும் அதன் ஜெல் பட்டைகளைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.